இரண்டு டம்ளரில் ஒரு பகல்

எங்கள் லைனில் ஒரு பெண்பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பாள் என்பதைத் தாகம் முடிவு செய்ததே கிடையாது. கொல்லைக் கடைசியில் இருந்த கக்கூஸ்தான் முடிவு செய்தது. இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கப்பட்டு வெட்கப்பட்டே பாதி ஆயுசை ஓட்டியாகிவிட்டது. இனிமேல் மூடி மறைக்க என்ன இருக்கிறது?

சுதந்திரம் வந்த மறு வருஷம் எனக்குக் கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்தேன். எட்டுக் குடித்தனங்கள் வரிசையாக இருந்த லைன் வீடு. முன்பக்கம் சந்து. பின்பக்கம் நீளமான கொல்லை. அதன் கோடியில் தகரக் கதவு போட்ட ஒரே ஒரு கக்கூஸ். அந்தக் கொல்லையை வீட்டுக்காரர் ஒரு கோணி வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஹார்பரில் கிழிந்துபோன கோணிகள் வண்டி வண்டியாக அங்கே வந்து இறங்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் காலை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்து, கோணியூசியும் சணலுமாகச் சாயங்காலம் ஆறு மணி வரை தைப்பார்கள். கக்கூஸுக்குப் போகிற பாதை அவர்களுக்கு நடுவேதான் போயிற்று. கையில் சொம்புடன், அவர்கள் நீட்டியிருக்கும் கால்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆண்கள் தாண்டிப் போனார்கள். குழந்தைகள் போனார்கள். பெண்கள் போகவில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நான் வாழ வந்த முதல் நாளே ஏழு வீட்டுப் பெண்களும் செய்வதைப் பார்த்தேன், அதையே செய்தேன். மாதா கோவிலில் விடியற்காலைத் திரிகால ஜெப மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை. சாயங்காலத் திரிகால மணி அடித்து, கோணிக்காரர்கள் எழுந்து போன பிறகு ஒரு தடவை. நடுவில் இருந்த பகல் முழுக்க உடம்பை இழுத்துக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தோம்.

அதற்கு ஒரு வழிதான் உண்டு. உள்ளே போனால்தானே வெளியே வரும்? காலையில் ஒரு டம்ளர் காப்பி. மத்தியானம் சோற்றோடு ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான் பகல். தொண்டை ரொம்பக் காய்ந்தால் வாய் கொப்பளித்துத் துப்புவோம். எந்தச் சாமான் எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்று எங்களுக்கு அத்துப்படி. கஞ்சி கொஞ்சம் தாங்கும், மோர் தாங்காது. இளநீர் பக்கமே போகக் கூடாது. சித்திரை வெயிலில் தெருமுனையில் தர்பூசணி வெட்டி விற்பான். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வோம். இத்தனைக்கும் வெயில் காலம் தேவலை, பாதி வேர்வையாகப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் உயிர் போகும். அப்போது இரண்டு டம்ளரை ஒன்றரையாக்குவோம்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு இறைச்சி ஆகாது. என் மாமியார் வாரம் தவறாமல் கருவாட்டுக் குழம்பு வைப்பார். மூக்கு முட்டத் தின்றுவிட்டால் நாள் பூராவும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேண்டாம் என்று சொல்லவும் மனசு வராது, அவர் கைப்பக்குவம் அப்படி.

கடைசிக் குடித்தனத்தில் ஒரு பாய் வீட்டு அக்கா இருந்தார். ரம்ஜான் மாதம், குழாயடியில் நான் அவரிடம், "எப்படிக்கா தண்ணிகூட குடிக்காம இருக்கீங்க?" என்று அசடு மாதிரி கேட்டுவிட்டேன். அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "இந்த ஒரு மாசம்தான் கண்ணு அல்லாவுக்காக. மீதி பதினோரு மாசமும் கோணிக்காரனுக்காக." குழாயடியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு வெகு நேரம் எரிச்சலாக இருந்தது.

அந்தக் குழாயிலிருந்து தினமும் எட்டுக் குடம் தண்ணீர் சுமந்து வந்தவள் நான். அதில் முக்கால் குடத்தை ஒரே ஆள் குடித்தார். என் புருஷனுக்குப் பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸில் பாய்லர் வேலை. அனலில் நின்று நின்று, உடம்பில் உப்புப் பூத்துப்போய் வருவார். வாசலில் செருப்பை விடும்போதே "தண்ணி" என்பார். சொம்பை அண்ணாந்து கவிழ்த்தால் கீழே இறக்கமாட்டார். தொண்டைக்குள் மடக் மடக்கென்று இறங்குகிற சத்தம் அடுத்த குடித்தனம் வரைக்கும் கேட்கும். அங்கே வேலையிடத்திலும் வாளியில் உப்புப் போட்ட தண்ணீர் வைத்திருப்பார்களாம், குடிக்கச் சொல்லி மேஸ்திரி விரட்டுவாராம். அதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. தண்ணீர் குடி என்று விரட்ட ஒரு ஆள்! என் மாமியாரோ, "நான்லாம் ஒரு டம்ளர்லயே பொழுத ஓட்டிடுவேன்" என்று மெடல் வாங்கினவர் மாதிரி சொல்லிக்கொள்வார். போகப் போக அது எனக்கும் ஒரு போட்டியாகிவிட்டது.

முதல் குழந்தை ஏழாம் மாதமே பிறந்துவிட்டான். மருத்துவச்சி அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தாள். இரண்டு நாள் இருந்தான். சுமந்த காலம் முழுக்க எனக்கு நீர்க்கடுப்பும் எரிச்சலும் இருந்தன, கடைசியில் குளிர் ஜுரமும் வந்தது. "சூடு" என்றார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

மறுபடி உண்டானபோது பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, பொருத்தனை வைத்தேன். இந்தப் பிள்ளை முழுசாகப் பிறக்கிற வரைக்கும் சனிக்கிழமைதோறும், காலைத் திரிகால மணியிலிருந்து சாயங்காலத் திரிகால மணி வரைக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் படாது தாயே என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பூசையில் நன்மை அப்பம் வாங்குவதற்கு முன்னால் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். தாகத்தைக் காணிக்கை வைப்பது எங்களுக்குப் பெரிய பக்தி. மாமியார் கேள்விப்பட்டு என் நெற்றியில் சிலுவை போட்டார். லைன் முழுக்க என்னை மெச்சியது. இரண்டு டம்ளர்க்காரிக்குச் சனிக்கிழமை அந்த இரண்டும் இல்லாமல் போயிற்று.

ஐந்தாம் மாதம் பழையபடி எரிச்சல் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் ஜுரம். இந்தத் தடவை என் புருஷன் விளக்கெண்ணெயை நம்பவில்லை, ரிக்‌ஷா வைத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த டாக்டரம்மா கறாரான ஆள். முதல் பிள்ளையைப் பற்றிக் கேட்டார். அப்போதும் இப்படி எரிச்சல் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கிறே?"

"ரெண்டு டம்ளர்."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். "வேளைக்கா?"

"இல்லீங்க, பகலுக்கு."

நான் ஏதோ விஷம் குடித்ததைச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு கோபப்படாமல் நிதானமாகச் சொன்னார். நீர் இறங்கினால்தான் கிருமி இறங்கும், நீரை அடக்கி அடக்கி வைத்தால் உள்ளேயே பெருகும், அந்த ஜுரம்தான் பிள்ளையை முன்கூட்டியே தள்ளுகிறது. மாத்திரையும் பாட்டில் மருந்தும் கொடுத்தார். இந்த மாத்திரைக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், பார்லிக் கஞ்சியும் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று சொம்பு, முட்டினால் உடனே போக வேண்டும், அடக்கக் கூடாது என்றார். "இல்லேன்னா இந்தப் புள்ளையும் ஏழாம் மாசமே வந்துடும். நான் பயமுறுத்தலே. சொல்றேன்."

ரிக்‌ஷாவில் திரும்பி வரும்போது நான் அழுதுகொண்டே வந்தேன். ஜுரத்தினால் என்று புருஷன் நினைத்துக்கொண்டார். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போன மகனை நினைத்து அழுதேன். அவனைக் காப்பாற்ற முடியாமல் போனது கூடப் பரவாயில்லை. இப்போது வயிற்றில் இருக்கிற பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக, அவனை விரட்டிய அதே காரியத்தை மாதாவுக்குக் காணிக்கையாக வைத்திருக்கிறேனே, எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

பொருத்தனையைத் தானாக மீறக் கூடாது, சாமியாரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். அந்த வாரமே, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கூண்டு மாதிரியான மரத்தொட்டியில், கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியார் வயசானவர், பொறுமையாகக் கேட்டார். "மகளே, புள்ளைய வாட்டி எடுக்கிற காணிக்கைய எந்தத் தாய் வாங்குவா? தண்ணி குடி. அதுக்குப் பதிலா சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு ஜெபமாலை சொல்லு" என்றார். எழுந்திருக்கச் சொன்ன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

"வேற ஏதாச்சும் பாவம் உண்டா?"

"இல்ல சாமி."

உண்டு என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சனிக்கிழமையை நீங்கள் மாற்றிவிட்டீர்கள் சாமி, மீதி ஆறு நாளுக்கு என்ன செய்வது என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கோணிக்காரர்களையும் கக்கூஸையும் பற்றிப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எப்படிப் பேசுவது? வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. வாரத்தில் ஆறு நாள் பயத்தினால் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். ஏழாம் நாள் அதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் காப்பி குடித்து, பார்லிக் கஞ்சி குடித்து, மாத்திரை போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை மளமளவென்று குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு ருசியாக இருந்தது. ஒன்பது மணிக்கு முட்டியது. சொம்பை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். பத்து மணிக்கு இனி முடியாது என்றாகிவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொல்லையில் இறங்கினேன்.

ஊசி போகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஒருவன் காலை மடக்கிக்கொண்டான். இன்னொருவன் மடக்கவில்லை, நான் தாண்டித்தான் போனேன். உள்ளே போய்த் தகரக் கதவைச் சாத்தினால் வெளியே பேச்சே இல்லை, அத்தனை காதுகளும் கதவில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. முட்டிக்கொண்டு வந்தது வர மறுத்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. திரும்பி வரும்போது பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. அது என்னைப் பார்த்துச் சிரித்ததுதானா என்றுகூடத் தெரியாது, ஆனாலும் என் காது இரண்டும் சுட்டன.

மாமியார் பின்வாசலில் நின்றிருந்தார். "மானம் போச்சு. பட்டப்பகல்ல சொம்ப தூக்கிகினு ஆம்பளைங்க நடுவுல போறியே, உனுக்கு சூடு சொரண கீதா? ஒரு பொம்பளையால ஒரு பகலு அடக்க முடியாதா?"

"டாக்டரம்மா சொன்னாங்க அத்தே."

"டாக்டரம்மா வந்து இந்தக் கொல்லையில நடப்பாளா?"

சாயங்காலம் புருஷன் வந்தார். மாமியார் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அவர் வழக்கம் போலச் சொம்பை அண்ணாந்து குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "ஏம்மே, அவ்ளோ தண்ணி குடிக்காங்காட்டி இன்னா? கொஞ்சமா குட்சிட்டு இருக்கக் கூடாதா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். "யோவ், உன் பாய்லருக்குத் தண்ணி கம்மியாச்சுன்னா இன்னாயா ஆவும்?"

"இன்னா ஆவும். டியூபு வெடிக்கும்."

"நீ பார்த்துகினு சும்மா இருப்பியா?"

"சும்மா இருந்தா உசுருக்கே ஆபத்துமே. கண்ணாடிக் குழாயில தண்ணி இறங்குதான்னு அதையேதான பார்த்துகினு கெடக்குறேன்."

"இரும்புக்குப் பார்க்கிறே. எனுக்கு யாருயா பார்க்கிறது? மொத புள்ள எதனால போச்சுன்னு அந்தம்மா சொன்னத நீயும்தான கேட்டே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டரம்மா சொன்னதை என் புருஷன் தன் தாயிடம் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கிழவி மெதுவாகச் சுவரோரமாக உட்கார்ந்தார். "தண்ணியாலயா பூட்டுது அந்தக் கொயந்த?" என்று மட்டும் கேட்டார். அவன் உயிரோடு இருந்த இரண்டு நாளும் அவனை மடியில் வைத்திருந்தவர் அவர்தான்.

மறுநாள் புருஷன் கோணி வியாபாரியிடம் போய், ஒரு ஓரமாக நாலு கோணியைக் கட்டி மறைப்புப் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டார். பாதையை அடைத்தால் வண்டி திரும்ப இடமிருக்காது என்று அவன் மறுத்துவிட்டான். வீட்டுக்காரர், இஷ்டமில்லாதவர்கள் காலி செய்யலாம் என்றார். நாட்டுக்கெல்லாம் கோணி தைத்து அனுப்பிய இடத்தில், எங்களுக்கு நாலு கோணி கிடைக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று இன்றும் தெரியவில்லை. நான் சொம்பை எடுத்ததும் மாமியார் ஒரு கழியை ஊன்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடப்பார். "அப்பால திரும்புங்கடா! புள்ளத்தாச்சி வர்றா!" என்று கத்துவார். கோணிக்காரர்கள் கோணியை மடியில் போட்டபடியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நான் உள்ளே இருக்கும் வரைக்கும் கழியால் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார், சத்தம் வெளியே கேட்கக் கூடாதாம். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை இந்த ஊர்வலம். நான் எத்தனை முறை போகிறேன் என்பது எட்டுக் குடித்தனத்துக்கும் தெரியும். கூனிக் குறுகித்தான் நடந்தேன். ஆனால் குடித்தேன். மூன்று சொம்பு என்றால் மூன்று சொம்பு. எரிச்சல் நின்றது. ஏழாம் மாதம் தாண்டியது.

ஒருநாள் உச்சி வெயிலில் மாமியாரின் உதடெல்லாம் வெடித்துப்போயிருந்தது. கக்கூஸ் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறாரே என்று, "அத்தே, நான் கழி பிடிச்சுக்கறேன், நீங்களும் ஒரு நடை போயிட்டு வந்துடுங்களேன்" என்றேன்.

"எனுக்கு இன்னாத்துக்கு? நான் இன்னா புள்ளத்தாச்சியா?" என்றார்.

அப்போது எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. அந்தப் பதில் எனக்கும் சேர்த்துத்தான் என்று பிறகு தெரிந்தது.

பத்து மாதமும் நிறைந்து பெண் பிறந்தாள். கொழுக் மொழுக்கென்று இருந்தாள். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். நாற்பது நாள் கழித்து, ஒரு காலை வேளையில் பழக்கத்தில் சொம்பை எடுத்தேன். மாமியார் குழந்தைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. "அதான் பெத்தாச்சே" என்பது போல ஒரு பார்வை. அவர் மேல் மட்டும் பழி போட்டால் பொய்யாகிவிடும். கழியும் கத்தலும் இல்லாமல் அந்தக் கால்களைத் தாண்ட எனக்கே தைரியம் வரவில்லை. வயிறு இருந்த வரைக்கும் வழி இருந்தது. பிள்ளைக்காகப் போகிறாள் என்றால் ஊர் திரும்பிக்கொள்ளும், தனக்காகப் போகிறாள் என்றால் வேடிக்கை பார்க்கும். பால் கொடுக்கிற வரைக்கும் மூன்று டம்ளர் குடித்தேன். அப்புறம் இரண்டு. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

மகளுக்கு ஐந்து முடிந்ததும் கோவில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அங்கே பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒதுங்க இடம் கிடையாது என்று எனக்குத் தெரியாது, நான் விசாரிக்கவும் இல்லை. சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். வெயில் நாள். காலையில் அவளுக்கு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள். மீதியைத் தானே கொண்டுபோய்ப் பானையில் ஊற்றி, மூடியைப் போட்டு மூடினாள்.

"ஏன்டி, முழுசும் குடிக்கிறதுக்கு இன்னா?"

"போதும்மா. இஸ்கோல் வுட்டு வந்து குட்சிக்கறேன்."

"தாகம் எடுக்கும்டி. யாரு உனுக்கு இதெல்லாம் சொல்லிக் குட்த்தது?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீயும்தானம்மா மீதிய ஊத்திடுவே?"

இந்தப் பெண்ணை முழுசாகப் பெறுவதற்காக நான் குடித்த தண்ணீரை அளந்தால் ஒரு கிணறு தேறும். அதில் ஒரு வாயைக்கூட அவள் பார்த்ததில்லை. அவள் கண் திறந்த பிறகு பார்த்ததெல்லாம் நான் திருப்பி ஊற்றிய தண்ணீரை மட்டும்தான். மறுபடி மொண்டு கொடுத்து, குடிடி, உன்னோடு நானும் குடிக்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. டம்ளரைப் பானைக்குள் விட்டும் விட்டேன். கொல்லையில் கோணிக்காரர்கள் பேசிக்கொண்டே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். காலியாகவே டம்ளரை வெளியே எடுத்து, அதன் இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்.